குற்றவாளி: டேஷ்போர்டு முருகன்

2005ஆம் வருடம் சித்திரை மாதத்தில் ஒரு நாள், பகல் பதினொரு மணிக்கு, பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் பேரளியைத் தாண்டி மாயவனுடைய வெள்ளைக் கார் எரிந்தது. இரண்டு வாரம் கழித்து வந்த அறிக்கை, எரித்தது முருகன் என்று சொன்னது.

அதே வார்த்தைகளில் சொல்லவில்லை. காரை விற்ற வேணு மோட்டார்ஸ் கண்ணாடிக் கதவு போட்ட நிறுவனம். முருகன் மேல் நேரடியாகக் கை வைக்காது. ‘அங்கீகாரம் பெறாத வெளியாள் ஒருவர் டேஷ்போர்டில் பொருத்திய சமய உருவத்தின் அலங்கார விளக்கிலிருந்து மின்கசிவு ஏற்பட்டுத் தீப்பிடித்திருக்கிறது’ என்று கம்ப்யூட்டரில் இங்கிலீஷில் அடித்து, கீழே வட்டமாக ஒரு முத்திரையும் குத்தியிருந்தார்கள்.

சமய உருவம் என்பது கையில் கரும்போடு நிற்கும் செட்டிகுளத்து முருகன். நான்கு விரல் உயரம். அவருக்குப் பின்னால் இரண்டு குட்டி பல்புகள். வண்டி ஓடும்போது பச்சை, பிரேக்கை மிதித்தால் சிவப்பு. வெளியாள் என்பது மாயவனின் தங்கை வெற்றிச்செல்வியின் புருஷன் கலைமணி. அரியலூர் செந்துறை ரோட்டில் லாரிகளுக்கு வயரிங் பார்க்கும் கடை வைத்திருந்தார். மச்சானின் காருக்குச் சாமி விளக்கு மாட்டியது கூலிக்காக இல்லை, பெருமைக்காக.

பெருமைக்குக் காரணம் இருந்தது. மாயவனின் அப்பாவும் கலைமணியின் அப்பாவும் திருமானூர்ப் பக்கம் ஒரே பண்ணையில் அடுத்தவருக்கு ஏர் ஓட்டியவர்கள். மாயவன் மூன்று சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குச் சொந்தக்காரராகித் தெருவிலேயே முதல் காரை, அதுவும் அம்மா கொளஞ்சியம்மாள் பேரில், வாங்கியபோது வேணு மோட்டார்ஸ் முதலாளி வேணுகோபால் கதவு அளவுக்கு ஓர் அட்டைச் சாவியைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார். வீட்டு வாசலில் அந்தச் சாவி நுழையவில்லை. பக்கவாட்டில் திருப்பி, நான்கு பேர் பிடித்து உள்ளே கொண்டுபோய்ச் சுவரில் சாத்தினார்கள்.

கார் எரிந்த அன்று கொளஞ்சியம்மாள் முன்சீட்டில் இருந்தார். காலடியில் புகை வந்து, அது என்னவென்று குனிந்து பார்ப்பதற்குள் இடது கணுக்கால் வரை வெந்துவிட்டது. மாயவன் அம்மாவை இழுத்து வெளியே போட்டார். சேதி கேட்டுக் கலைமணி பைக்கில் ஓடிவந்து, மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுக் காரைப் பார்த்தார். முருகன் உருகிச் சாய்ந்திருந்தார். ஆனால் விளக்குக்குப் போன மஞ்சள் வயர் ஸ்டியரிங் பக்கம் முழுசாக இருந்தது. அடியோடு கருகியிருந்தது இடது பக்கம், அத்தையின் காலுக்கு நேர் மேலே. கலைமணியின் கண் அதைப் பார்த்தது. கை தடவியும் பார்த்தது. அன்றைக்கு சாயங்காலம் வெற்றிச்செல்வியிடம், “நம்ம வயரு இல்ல செல்வி” என்றும் சொன்னார்.

அப்புறம் அறிக்கை வந்தது. கலைமணி பத்தாவது வரை படித்தவர். தன் கை சொன்னது தமிழில். அறிக்கை சொன்னது இங்கிலீஷில், முத்திரையோடு. அறிக்கையை நம்பினார்.

மாயவன் வீட்டில் சொந்தபந்தம் கூடியது. மாயவன் தாளைத் தூக்கிக் காட்டினார். “மாப்ள, நான் உன்னைக் குத்தம் சொல்லல. பேப்பர் சொல்லுது.”

சாமி விளக்கால் வந்த வினை, சாமியிடமே போய்க் கழித்துவிட்டு வரவேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். வைகாசி விசாகத்தன்று கலைமணி செட்டிகுளம் மலையேறி மொட்டை போட்டுக்கொண்டார். ஒரு எலக்ட்ரீஷியன் ஷார்ட் சர்க்கியூட்டுக்காக முருகனிடம் மன்னிப்புக் கேட்டது அந்தக் கோயில் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற மாயவனே மொட்டைத் தலையில் சந்தனம் தடவினார்.

“சாமி மன்னிச்சிரும் மாப்ள. நாங்களும் மன்னிச்சிட்டோம்.”

கலைமணி அழுதார். சந்தனம் மூக்கில் வழிந்தது.

மன்னித்தவர்கள் எல்லோரும் கடைக்கு வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். பெத்த தாய் மாதிரி இருந்த அத்தையையே கொளுத்தினவன், லாரியைச் சும்மா விடுவானா என்று டிரைவர்கள் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அம்மா கால் ஆறும்வரை என்று தாய்வீடு போன வெற்றிச்செல்வி, கால் ஆறிய பிறகும் வரவில்லை. ஆனி மாதம் மாயவன் வீட்டு வாசலில் அதே நிறத்தில், அதே மாடலில் புதுக் கார் வந்து நின்றது. கேட்டவர்களிடம் மாயவன், “ஷோரூம்காரங்க மனிதாபிமானம்” என்றார்.

ஆவணி மாதம் செந்துறை ரோட்டுக்கு டை கட்டிய ஓர் இளைஞர் வந்தார். வேணு மோட்டார்ஸ் சர்வீஸ் சூப்பர்வைசர் சுரேஷ்குமார்.

“அண்ணே, ஒருநாள் வேலை. நாப்பத்தொரு வண்டிக்கு டேஷ்போர்டுக்குள்ள ஒரு ரிலே மாத்தணும். கை வேகமா ஓடற ஆளு வேணும்.”

“உங்க ஷோரூம்ல ஆளு இல்லயா சார்?”

“ஒருத்தன் திருப்பூருக்கு ஓடிட்டான். இன்னொருத்தன் வண்டி கழுவறதோட சரி.”

“என்னைப் பத்தி யார் சொன்னா?”

“யாரும் சொல்லலண்ணே. இந்த ரோட்டுல கூட்டமே இல்லாத கடை இது ஒண்ணுதான். உடனே வருவீங்கன்னு நெனச்சேன்.”

உடனே போனார்.

பெரம்பலூர் துறைமங்கலத்தில் வேணு மோட்டார்ஸ் வாசலில் பந்தல், நாதஸ்வரம், மைக் செட். ‘பாதுகாப்புத் திருவிழா! இலவச நவீன மின் மேம்பாடு!’ என்று பேனர். பேனரில் காரைவிட வேணுகோபால் பெரிதாக இருந்தார். பெயருக்கு முன்னால் ‘வாகனச் செம்மல்’ என்று போட்டிருந்தது. பட்டத்தைக் கொடுத்தவர் பேனர் அடித்தவர்தான். எழுத்துக்கு இடம் மிச்சமிருந்ததாம். அதற்குக் கீழே ‘பாதுகாப்பே எங்கள் பரம்பரை.’ முதலாளியின் அப்பா நாலு ரோட்டில் வாடகை சைக்கிள் விட்டவர். அந்த சைக்கிள்களில் பிரேக் பிடிக்காது என்பதைப் பெரம்பலூரில் முழங்காலில் தழும்பு உள்ளவர்கள் அறிவார்கள்.

கலைமணியைப் பின்கேட் வழியாகக் கூட்டிப்போய்க் கம்பெனிச் சட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். பாக்கெட்டில் ‘அன்பழகன்’ என்று நூலால் தைத்திருந்தது. திருப்பூருக்கு ஓடியவருடையது.

ரிலே என்பது தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. ஏ.சி. காற்றாடிக்குக் கரண்ட் விடுவதும் நிறுத்துவதும் அதன் வேலை. முதல் வண்டியில் கழற்றியது நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவதில் ஓரம் பழுப்பேறியிருந்தது. நான்காவதில் உப்பியிருந்தது. ஏழாவதில் கருகி, வயரோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. ஏழிலும் அது இருந்த இடம் ஒன்றுதான். இடது பக்கம், முன்சீட்டில் உட்காருபவர் காலுக்கு நேர் மேலே.

கலைமணி ஏழாவதைக் கையில் எடுத்துக்கொண்டு சுரேஷ்குமாரிடம் போனார்.

“சார், இத எதுக்கு மாத்தறோம்?”

“மேம்பாடுண்ணே. பேனர்ல போட்டிருக்கே.”

“மேம்பாடுன்னா நல்லா இருக்கறத இன்னும் நல்லாக்கறது. இது வெந்து போயிருக்கு சார்.”

சுரேஷ்குமார் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஃபைலைத் திறந்து ஒரு கடிதத்தைக் காட்டினார். கார் செய்யும் கம்பெனி எழுதியது. இந்த ரிலே சூடாகித் தீப்பிடிக்கலாம். வாங்கியவர்களுக்கு உடனே தபாலில் தெரிவித்து, வண்டிகளைத் திரும்ப வரவழைத்து, இலவசமாக மாற்றிக் கொடுங்கள். தேதி ஜனவரி 12.

கொடுத்ததைத் திரும்பக் கேட்பது அந்தப் பக்கத்தில் புதிது இல்லை. 2001இல் அரியலூரைத் தனி மாவட்டமாகக் கொடுத்த அரசாங்கமே அடுத்த வருடம் அதைத் திரும்ப வாங்கிப் பெரம்பலூரோடு ஒட்டிவிட்டது. அரசாங்கம் அதைப் பகிரங்கமாகச் செய்தது. வேணுகோபாலுக்கு அந்தத் தைரியம் இல்லை. கடிதத்தை மேசையின் கடைசி டிராயரில் போட்டுப் பூட்டினார். இரண்டாவது கடிதம் வந்து, பழைய ரிலே நாற்பத்தொன்றையும் எண்ணி வாங்க மெட்ராஸிலிருந்து ஆபீசரே வருகிறார் என்று தெரிந்த பிறகுதான் திருவிழா எடுத்தார்.

“ஜனவரியா?” என்றார் கலைமணி. “மாயவன் வண்டி சித்திரையில எரிஞ்சுது.”

“ஓ, மாயவன் சாரத் தெரியுமா? அவருக்கு இந்த லெட்டர அப்பவே காட்டிட்டாங்கண்ணே. எரிஞ்ச மூணாம் நாள் சண்டை போட வந்தாரு. ஓனர் உள்ள கூப்பிட்டு இதக் காட்டி, வெளிய சொல்லாதீங்க, புது வண்டி தரேன்னாரு. வெளியாள் போட்ட வெளக்குதான் காரணம்னு எழுதிக் குடுத்துட்டுப் போனாரு. வண்டி அவங்கம்மா பேர்லங்கறதால அந்தம்மாவும் கைநாட்டு வச்சுது. அதுக்கப்பறம்தான் நாங்க அறிக்கையே டைப் அடிச்சோம்.” கொஞ்சம் நிறுத்தி, “அந்த வெளியாளு யாரோ, பாவம்” என்றார்.

“நான்தான் சார்.”

சுரேஷ்குமார் நல்ல மனுஷன். முகம் செத்துப்போயிற்று. கலைமணியின் தோளில் கை வைத்தார். ஏதோ ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தவர், பந்தல் பக்கம் பார்த்துவிட்டு, “அண்ணே... தயவுசெஞ்சு சட்டையக் கழட்டிடாதீங்க. இன்னும் முப்பத்திநாலு வண்டி இருக்கு” என்றார்.

கலைமணி கழற்றவில்லை. கை தானாக வேலை செய்தது. மனசு செட்டிகுளத்தில் நின்றது. மூன்றாம் நாள் கையெழுத்து. மொட்டை அதற்கு ஒரு மாதம் கழித்து. சந்தனம் தடவிய விரலும் கையெழுத்துப் போட்ட விரலும் ஒன்றே. அழுதபோது, “விடு மாப்ள, விடு மாப்ள” என்று முதுகில் தட்டியதும் அதே கைதான். ஓர் அங்குலத்துக்கு வளர்ந்திருந்த முடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

நாற்பதாவது வண்டியை முடித்தபோது மாயவனின் புதுக் கார் உள்ளே வந்தது. ஷோரூமில் முதலிலிருந்தே கிடந்த வண்டி, அதே ரிலே. அம்மாவும் தங்கையும் வாசலிலேயே இறங்கிப் பந்தலுக்குப் போய்விட்டார்கள். சிறப்பு விருந்தினர் மாயவன் வெள்ளை வேட்டி சரசரக்க இறங்கினார்.

“மாப்ள! நீ எங்க இங்க? யார் சட்டை இது?”

“லெட்டரப் பாத்தேன் மச்சான்.”

எந்த லெட்டர் என்று மாயவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூடக் கலைமணிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“சத்தம் போடாத. வெளிய மெட்ராஸ் ஆபீசரு உக்காந்திருக்காரு.”

“மூணாம் நாளே தெரியும்ல உங்களுக்கு?”

“புரிஞ்சுக்க மாப்ள. கேஸுன்னு போனா பத்து வருஷம் இழுப்பான். ஷோரூம்காரன் நமக்கு யாரு? அசலாளு. அன்னிக்கு விட்டா அப்பறம் புடிக்க முடியாது. நீ வூட்டு ஆளு. உன்னை எப்ப வேணா சமாதானம் பண்ணிக்கலாம்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நானே பழிய ஏத்துக்கிட்டிருப்பேனோ என்னமோ.”

“சொல்லியிருந்தா நீ மொட்டை போட்டிருப்பியா? மனசார அழுதாத்தானே ஊரு நம்பும்.”

மாயவன் இதைக் குதர்க்கமாகச் சொல்லவில்லை. லாரியில் லோடு ஏற்றும் முறையை விளக்குவது போல, பொறுமையாகச் சொன்னார்.

கலைமணி ஸ்குரூடிரைவரைத் துடைத்தார். “சரி மச்சான். எனக்குக் காரு வேணாம், ஒண்ணும் வேணாம். இப்ப மைக்ல போயி ஒரே வார்த்தை சொல்லுங்க. கலைமணி போட்ட வெளக்கு காரணமில்லன்னு. செல்வி காதுல விழணும். அது போதும்.”

“இவ்வளவுதானே? சொல்றேன்” என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார் மாயவன்.

சொல்லவும் செய்தார். நாதஸ்வரம் நின்றது. மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார்.

“என் தங்கச்சி வூட்டுக்காரரு கலைமணிய உங்கள்ல பல பேருக்குத் தெரியும். தெரியாத்தனமா ஒரு தப்பு நடந்துபோச்சு. மனுஷன்னா தப்பு நடக்கும். மலையேறி முருகன்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு. முருகன் மன்னிச்சாரு. நாங்க மன்னிச்சோம். இன்னிக்கு வேணு மோட்டார்ஸும் பெருந்தன்மையா மன்னிச்சு, நாப்பது வண்டிய நம்பி அவர் கையில குடுத்திருக்கு!”

கைதட்டல் பந்தலைத் தூக்கியது. பின்கேட்டில் நின்ற கலைமணியை இரண்டு பேர் தள்ளிக்கொண்டு மேடைக்கு ஏற்றினார்கள். வேணுகோபால் ஒரு ஜரிகைச் சால்வையை விரித்து, சட்டைப் பாக்கெட்டைப் படித்துவிட்டு, “திரு. அன்பழகன் அவர்களுக்கு” என்று போர்த்தினார். கூட்டத்தில் யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. மன்னிக்கப்பட்டவனுக்கு எந்தப் பெயராக இருந்தால் என்ன. கலைமணி மைக் பக்கம் கையை நீட்டினார். அதற்குள் நாதஸ்வரக்காரருக்குச் சைகை போய்விட்டது.

முன்வரிசையில் வெற்றிச்செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புருஷன் நிரபராதி என்பதற்காக இல்லை. புருஷனை மன்னித்துவிட்டார்கள் என்பதற்காக. அதைக் கலைமணி மேடையிலிருந்தே பார்த்தார்.

இறங்கி நேராகப் போய், நாற்பத்தொன்றாவது வண்டியின் டேஷ்போர்டைத் திறந்தார். அரியலூரிலிருந்து ஏ.சி. போட்டு வந்த வண்டி. ரிலேயைத் தொட்டதும் விரல் சுட்டது. சால்வை முனையில் சுற்றிப் பிடுங்கி, அப்படியே பந்தலுக்குள் வந்து மாமியார் முன்னால் நின்றார்.

“அத்தை, கைய நீட்டுங்க.”

கொளஞ்சியம்மாள் பிரசாதம் என்று நினைத்து நீட்டினார். “ஆத்தே! சுடுதுய்யா!” என்று கீழே உதறினார்.

“உங்க கால வேக வச்சது இதோட ஜோடிதான். இந்தப் புது வண்டியில நான் எந்த வெளக்கும் மாட்டல. பின்ன எப்புடி சுடுது?”

“எனக்குத் தெரியும்யா, அதுக்கு ஏன் இத்தனை...” என்று ஆரம்பித்த கிழவி, மகள் பக்கம் பார்த்து நிறுத்தினார்.

“என்னம்மா தெரியும்?” என்றாள் வெற்றிச்செல்வி.

கிழவி சுட்ட விரலை ஊதிக்கொண்டார்.

“எப்பத்திலேருந்து தெரியும்? இவரு மொட்டை போடறதுக்கு முன்னயா, பின்னயா?”

கொளஞ்சியம்மாள் ஆறிப்போன கணுக்காலைப் புதிதாக வலிப்பது போலத் தடவினார். “உங்கண்ணன்தான்... வூட்டு விசயம் வூட்டோட இருக்கட்டும்னுச்சு.”

மாயவன் வந்து சேர்ந்தார். “என்ன செல்வி இப்ப? சாமிக்குப் போட்ட மொட்டை வீணா போயிருமா? புண்ணியந்தானே?”

வெற்றிச்செல்வி அண்ணனைப் பார்க்கவில்லை. “அதுக்குப் பதிலு புதுசு போட்டாச்சா?” என்று புருஷனைக் கேட்டாள்.

“இன்னும் இல்ல.”

“போட்டுட்டு வாங்க. அதுல எங்கம்மா உக்காந்து போகணும்.”

போட்டார். மெட்ராஸ் ஆபீசர் பழைய ரிலேக்களை எண்ணினார், நாற்பத்தொன்று. படிவத்தில் ‘இதுவரை விபத்து ஏதும் உண்டா’ என்ற கட்டத்தில் வேணுகோபால் ‘இல்லை’ என்று எழுதினார். மாயவன் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

அரியலூர் பஸ்ஸில் இருவருக்கும் இடம் கிடைத்தது. பேரளி தாண்டியதும் வெற்றிச்செல்வி கேட்டாள்.

“அன்னிக்கு சாயங்காலமே நம்ம வயரு இல்லன்னு எங்கிட்ட சொன்னீங்க. அப்பறம் ஏன் ஒத்துக்கிட்டீங்க?”

“பேப்பர்ல அடிச்சிருந்துச்சு செல்வி.”

“எங்கண்ணன் புதுக் காருக்காக உங்கள வித்துச்சு. நீங்க ஒரு பேப்பருக்காக உங்கள வித்தீங்க. உங்கள நம்பணுமா வேணாமான்னு நான் வூட்டுல குந்தி ரோசனை பண்ணிக்கிட்டிருந்தேன் பாருங்க, எனக்குத்தான் புத்தி இல்ல.” சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் அண்ணன் வீட்டுக்குப் போகாமல், புருஷன் வீட்டு ஸ்டாப்பில்தான் இறங்கினாள்.

மறுநாளே கடையில் கூட்டம் வந்துவிட்டது. கலைமணிக்கு முதலில் காரணம் புரியவில்லை. பூமாலை என்ற சுண்ணாம்புக்கல் லாரி டிரைவர் வந்து வாயெல்லாம் சிரிப்பாக நின்றார்.

“முருகன் மன்னிச்ச எலக்ட்ரீஷியன் நீங்கதானங்க? மைக்லயே சொன்னாங்களாமே. நம்ம வண்டிச் சாமிக்கு ஒரு வெளக்கு போடணும். உங்க கையாலதான் போடணும்னு ஓனரம்மா சொல்லிட்டாங்க.”

கலைமணி அவரை ஸ்டூலில் உட்கார வைத்தார். “வெளக்கு போடறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கங்க” என்று ஆரம்பித்து, ஜனவரிக் கடிதம், ரிலே, மூன்றாம் நாள் கையெழுத்து, அத்தையின் கைநாட்டு எல்லாவற்றையும் சொன்னார். கால்மணி நேரம் ஆயிற்று. பூமாலை இடையிடையே உச்சுக் கொட்டிக்கொண்டு கேட்டார்.

“அடப்பாவிகளா! சொந்த மச்சானாங்க?”

“ஆமாங்க.”

“பெரிய துரோகங்க இது.”

“அதத்தான் சொல்றேன்.”

பூமாலை எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். “சரி, விடுங்க. நீங்க செஞ்ச தப்ப சாமியே மன்னிச்சிருச்சு. அப்பறம் மனுஷன் என்ன?”

கலைமணி டெஸ்டரை மேசையில் வைத்தார். ஸ்டூலை மறுபடி இழுத்துப் போட்டார்.

“உக்காருங்க” என்று சொல்லிவிட்டு, ஜனவரி பன்னிரண்டாம் தேதியிலிருந்து திரும்ப ஆரம்பித்தார்.